வாள் வரைந்த கோடும் மக்கள் வரைந்த கோடும்

தோழனே!

சர்தார் வல்லபாய் பட்டேலை "இந்தியாவின் பிஸ்மார்க்" என்று புகழ்வது இந்நாட்டிலே நெடுநாளைய வழக்கம். புகழட்டும், நமக்கு அதிலே பொறாமை இல்லை. நருமதை ஆற்றிலே 182 மீட்டர் உயரத்துக்குச் சிலை எழுப்பி, 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் திறந்தும் வைத்தார்கள். மாலை சூட்டட்டும், மறுப்பாரில்லை. ஆனால் மாலையோடு நில்லாமல், சிலையின் நிழலிலே அமர்ந்து நமக்கு ஒரு பாடமும் நடத்தத் தொடங்கியிருக்கிறார்களே, அந்தப் பாடத்தைத்தான் உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

"ஜெர்மனியை ஒன்றாக்கியது படை. இந்தியாவை ஒன்றாக்கியதும் படை. ஆகவே ஒற்றுமை நிலைக்க வேண்டுமானால் டில்லியிலே இரும்புக்கை வேண்டும். மாநிலம் என்றும், மொழி என்றும், உரிமை என்றும் பேசுவோர் ஒற்றுமையின் பகைவர்!" இதுதான் பாடம்.

இந்தப் பாடம் நம் இளைஞர்கள் சிலருடைய காதிலும் விழுந்திருக்கிறது. சின்னசேலத்தில் நடந்த கூட்டமொன்றில் ஒரு துண்டுச் சீட்டு மேடைக்கு வந்தது. "படை போகாமல் ஐதராபாத் வந்திருக்குமா? அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவுவானா?" என்று எழுதியிருந்தான் ஒரு தோழன். நேர்மையான கேள்வி. நெற்றிப் பொட்டில் அடித்தாற்போன்ற கேள்வி. ஐந்து நிமிட மேடை விடையில் அடங்காத கேள்வி. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன். எங்கே தொடங்குவது? அவர்கள் காட்டுகிற பிஸ்மார்க்கிடமிருந்தே தொடங்குவோம்.

ஜெர்மனி என்றொரு நாடு 150 ஆண்டுகளுக்குச் சற்று முன்பு வரை வரைபடத்திலே கிடையாது. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, ஹனோவர் என்று சிறிதும் பெரிதுமாய் அரசுகள் இருந்தன. 1834-லே பிரஷ்யாவின் தலைமையில் சுங்க ஒன்றியம் ஒன்று அமைந்து, சரக்கு வண்டிகளைத் தடையின்றி ஓடவிட்டது. ஆம் தோழனே, வாளுக்கு முன்பே வணிகம் வழி சமைத்தது! 1848-லே மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பிராங்க்பர்ட் நகரிலே மக்கள் பேராளர்கள் கூடி அரசியல் சட்டம் எழுதினார்கள். மறு ஆண்டு, பிரஷ்ய மன்னனை நாடி, "ஒன்றுபட்ட ஜெர்மனியின் மணிமுடியை ஏற்பீர்" என்றார்கள். மறுத்துவிட்டான் மன்னன். மக்கள் நீட்டிய முடியல்லவா? அது அவன் தலைக்குப் பொருந்தவில்லை!

வந்தான் பிஸ்மார்க். 1862-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், காலத்தின் பெருங்கேள்விகளைத் தீர்ப்பவை பேச்சும் பெரும்பான்மைத் தீர்மானமும் அல்ல, இரும்பும் இரத்தமுமே என்று முழங்கினான். முழங்கியபடி மூன்று போர்களை நடத்தினான். 1864-லே ஆஸ்திரியாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு டென்மார்க்கைத் தாக்கினான். 1866-லே இத்தாலியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, முந்தாநாள் தோழனான அதே ஆஸ்திரியாவைத் தாக்கினான். வென்ற பிறகு ஆஸ்திரியாவின் மண்ணிலே ஒரு பிடியும் பிரஷ்யாவுக்கென எடுக்கவில்லை. ஏன்? கருணையா? இல்லை, கணக்கு! அடுத்த போரிலே ஆஸ்திரியா கைகட்டி நிற்க வேண்டுமே! 1870 ஜூலை 13-ஆம் நாள், எம்ஸ் நகரிலிருந்து தன் மன்னன் பெயரால் வந்த தந்தியைச் சுருக்கி, சுருக்கியதிலே சுருக்கென்று தைக்கும்படி செய்து, பத்திரிகைகளுக்குக் கொடுத்தான். ஆறாம் நாள் போர் அறிவித்தது பிரான்சு. பிஸ்மார்க் விரித்த வலையிலே தானாக வந்து விழுந்தது.

1871 ஜனவரி 18. பாரிசுக்கு அருகே வெர்சேல்சு அரண்மனை. கண்ணாடி மண்டபம். தோற்ற நாட்டின் அரண்மனையிலே வென்ற நாட்டின் பேரரசுப் பிரகடனம்! நாடகம் எழுதிப் பழகியவன் என்பதால் சொல்கிறேன்: காட்சி அமைப்பிலே குறையே காண முடியாது. இளவரசர்கள் இருந்தார்கள், தளபதிகள் இருந்தார்கள், வாட்கள் மின்னின. ஒன்றே ஒன்றுதான் அந்த மேடையிலே இல்லை. மக்கள் இல்லை!

இதுவரை அவர்கள் நடத்தும் பாடம். இனி அவர்கள் புரட்டாமல் விடும் பக்கங்களைப் புரட்டுவோம்.

முதற் பக்கம். பவேரியாவைப் பிஸ்மார்க் படை கொண்டா சேர்த்தான்? இல்லை, பேரம் பேசிச் சேர்த்தான். அஞ்சல் உன்னுடையது, இரயில் உன்னுடையது, அமைதிக் காலத்திலே படையும் உன் மன்னனுடையது என்று எழுதிக் கொடுத்துச் சேர்த்தான். பிரஷ்ய மன்னரே பேரரசராக வேண்டும் என்று வேண்டும் கடிதத்தைத் தானே வரைந்து, பவேரிய மன்னன் லுட்விக்கின் கையால் எழுதி வாங்கினான். அதற்குக் கைம்மாறாக அம்மன்னனுக்கு இரகசியப் பணமும் போயிற்று. எங்கிருந்து போயிற்று? 1866-லே முடி பறிக்கப்பட்ட ஹனோவர் மன்னனுடைய கைப்பற்றிய சொத்திலிருந்து! ஒருவனிடம் பறித்து, இன்னொருவனுக்குக் கொடுத்து, மூன்றாமவனுக்கு முடி சூட்டிய கதை இது. இதிலே நமக்குப் பயன்படும் செய்தி ஒன்றுண்டு. இரும்புக்கைக்கு எடுத்துக்காட்டாக எவனைக் காட்டுகிறார்களோ, அவனே மாநில உரிமையை எழுதிக் கொடுத்துத்தான் ஒற்றுமையை வாங்கினான். இங்கே அஞ்சலகத்திலே தமிழ்ப் படிவம் கேட்டாலே பிரிவினை என்கிறார்களே, இவர்கள் பிஸ்மார்க்கின் மாணவர்களும் அல்லர்!

இரண்டாம் பக்கம். உரிமையைக் கொடுக்க மறுத்த இடத்திலே என்ன நேர்ந்தது? பிரஷ்யாவின் கிழக்கே இலட்சக்கணக்கில் வாழ்ந்தவர்கள் போலந்து மொழி பேசுவோர். 1876-லே ஜெர்மன் மொழி ஒன்றே ஆட்சி மொழி என்று சட்டம் வந்தது. பள்ளியிலிருந்து போலிஷ் படிப்படியாக வெளியேற்றப்பட்டது. கடைசியில் கடவுளைப் பற்றிய பாடத்தையும் ஜெர்மன் மொழியிலேயே ஒப்பிக்க வேண்டும் என்றார்கள். 1901-ஆம் ஆண்டு விரெஷ்னியா என்ற சிற்றூரிலே பள்ளிப் பிள்ளைகள் வாய் திறக்க மறுத்தார்கள். அந்தப் பிஞ்சுகளைப் பிரம்பால் அடித்தார்கள். கொதித்தெழுந்த பெற்றோரைச் சிறைக்கு அனுப்பினார்கள். 1906-லே அந்த வேலைநிறுத்தம் பற்றிப் பரவிற்று. பிரம்பு வென்றதா? 1918-லே பேரரசு சரிந்தது. அந்த மண் போலந்தோடு போயிற்று. 1919 ஜூன் 28-ஆம் நாள், எந்தக் கண்ணாடி மண்டபத்திலே முடி சூட்டினார்களோ, அதே மண்டபத்திலே தோல்வி ஒப்பந்தத்தில் ஜெர்மனி கையொப்பமிட்டது. அதே மேடை, அதே கண்ணாடிகள், வேறு நாடகம்! இடையே ஓடியவை 48 ஆண்டுகள். ஒரு மனிதன் பிறந்து, பேரன் எடுப்பதற்குள் முடிந்துவிட்டது இரும்பின் ஆயுள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1947-லே வெள்ளையன் வெளியேறியபோது ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. பட்டேலும் அவருடைய செயலாளர் வி. பி. மேனனும் அவற்றை இணைத்தது பெரும்பணி. அதை மறுப்பவன் நேர்மையற்றவன். ஆனால் எப்படி இணைத்தார்கள் என்பதைப் பார். பாதுகாப்பு, வெளிவிவகாரம், போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்றை மட்டும் தாருங்கள், மற்றவை உங்களிடமே இருக்கட்டும் என்றுதான் முதல் இணைப்புப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கினார்கள். பிறகு மன்னர் மானியம் என்ற தேனைத் தடவிச் சமஸ்தானத்தையே கரைத்தார்கள். நம் புதுக்கோட்டை 1948 மார்ச் 3-ஆம் நாள் திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்ததும் இந்த வழியில்தான். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை.

திருவிதாங்கூரிலே திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் "தனிநாடு" என்று 1947 ஜூனிலே அறிவித்தார். அங்கே டில்லிப் படையா சென்றது? இல்லை. புன்னப்புராவிலும் வயலாரிலும் 1946-லேயே இரத்தம் சிந்தி எழுந்திருந்தனர் மக்கள். ஊரெங்கும் எதிர்ப்பு மூண்டு, திவானே வெட்டுப்பட்டுப் பிழைத்த சில நாட்களில் மன்னர் இணைப்புக்கு இசைந்தார்.

சரி, ஐதராபாத்? தோழனின் கேள்விக்கு நேராகவே வருகிறேன். நிசாமின் ஆட்சி கொடிய நிலப்பிரபுத்துவ ஆட்சி. ரஜாக்கர்கள் ஆடியது வெறியாட்டம். தெலங்கானா உழவர்கள் 1946 முதற்கொண்டே ஆயுதம் ஏந்திப் போராடிக்கொண்டிருந்தார்கள். 1948 செப்டம்பர் 13-ஆம் நாள் புகுந்த இந்தியப் படை 17-ஆம் நாள் நிசாமைப் பணிய வைத்தது. அந்த முடி அத்தனை எளிதில் தானாகக் கழன்று விழுந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டாமா? அந்தப் போருக்கு "காவல் நடவடிக்கை" என்று பெயர் சூட்டினார்கள். படை புகுந்த வேளையிலும் அதன் பின்னரும் நடந்த கொடுமைகளை ஆராய நேரு அனுப்பிய சுந்தர்லால் குழு, குறைந்த மதிப்பீட்டிலேயே 27,000 முதல் 40,000 பேர் வரை மாண்டனர் என்று எழுதிற்று. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் இருட்டறையிலே கிடந்தது. மாண்டவர்களிலே பெரும்பாலோர், அரண்மனையை நிமிர்ந்தும் பார்த்திராத ஏழை எளிய முஸ்லிம்கள்.

போர் எந்த நிசாம் மீது தொடுக்கப்பட்டதோ, அந்த நிசாம் என்ன ஆனார்? சிறை சென்றாரா? இல்லை. 1950 ஜனவரி 26 முதல் 1956 வரை அதே ஐதராபாத்தின் இராஜப்பிரமுகர்! ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் மன்னர் மானியம்! அந்த மானியங்கள் ஒழிய 1971-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வரை நாடு காத்திருக்க வேண்டியிருந்தது. தெரிகிறதா தோழனே? போரும் இராஜதந்திரமும் சந்திக்கும் இடத்திலே முடிகள் பேரம் பேசிக்கொள்கின்றன, குடிகள் புதைக்கப்படுகிறார்கள். வெர்சேல்சிலும் அதுதான், ஐதராபாத்திலும் அதுதான்.

ஆக, 1949-க்குள் வாளும் பேனாவும் சேர்ந்து கோடு கிழித்தாகிவிட்டது. அந்தக் கோட்டை உயிருள்ள நாடாக்கியவர்கள் யார்? இதுதான் வினா. விடை: எவரைப் பிரிவினைவாதிகள் என்று ஏசினார்களோ, அவர்கள்!

பொட்டி ஸ்ரீராமுலு சென்னையிலே உண்ணாநோன்பிருந்து 1952 டிசம்பர் 15-ஆம் நாள் உயிர் நீத்தார். 1953 அக்டோபரில் ஆந்திரம் பிறந்தது. திருவிதாங்கூர் மன்னனின் கோட்டுக்குள் சிக்கிய தென்குமரித் தமிழர், தாய்த் தமிழகத்தோடு சேரப் போராடி, 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டினர். 1956 நவம்பர் முதல் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நம்மோடு சேர்ந்தன, செங்கோட்டையும் வந்தது. தமிழ்நாடு என்ற பெயருக்காகச் சங்கரலிங்கனார் 1956 அக்டோபரிலே உயிரை உருக்கி ஊற்றினார். 1965-லே மாணவர் கூட்டம் வீதியிலே இறங்கிற்று. இந்தி பேசாத மாநிலங்கள் இசையும் வரை ஆங்கிலமும் நீடிக்கும் என்று 1967-லே சட்டத் திருத்தம் வந்தது. டில்லியாக உவந்து கொடுத்தது ஏதுமில்லை. கேட்டுப் பெற்றோம், போராடிப் பெற்றோம், உயிர் கொடுத்துப் பெற்றோம். பெற்ற பிறகு நாடு உடைந்ததா? உரம் பெற்றது! பிஸ்மார்க் போலந்து மக்களுக்கு மறுத்ததை, இங்கே மக்கள் வற்புறுத்தி வாங்கினார்கள். அதனால்தான் இந்தியாவுக்கு அந்த 48 ஆண்டுக் கதி நேரவில்லை.

மறுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கும் சான்று தொலைவில் இல்லை. உருது ஒன்றே ஆட்சி மொழி என்றது பாகிஸ்தான். 1952 பிப்ரவரி 21-ஆம் நாள் டாக்காவிலே மொழிக்காக மாணவர் இரத்தம் சிந்தினர். 1971-லே நாடே இரண்டாயிற்று. படைக்கா அங்கே பஞ்சம்? சிங்களம் மட்டுமே என்றது இலங்கை 1956-லே. 2009 மே மாதத்திலே போர் முடிந்தது. நிலம் ஒரே கோட்டுக்குள் வந்தது. காணாமற்போன மகனின் படத்தை ஏந்தித் தெருவோரத்தில் அமர்ந்த அன்னையின் நெஞ்சம் எந்தக் கோட்டுக்குள் வந்தது?

படையின்றியே மண் சேர்ந்த கதையும் நம் அண்டையிலே உண்டு. புதுச்சேரிக்காக 1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரிலே மக்கள் பேராளர்கள் கூடினர். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் பிரெஞ்சுக் கொடி இறங்கிற்று. கேட்டுச் சேர்த்தார்கள், கேட்டதாலேயே அந்தச் சேர்க்கையிலே தழும்பு இல்லை.

இன்னும் ஒரு செய்தி உண்டு. சின்னசேலத்துத் தோழன் தன் ஊரில் நின்றே காணக்கூடிய செய்தி. வடமேற்கே நீலமாய் நெடிது கிடக்கிறதே கல்வராயன் மலை, அது இந்தியாவில் எப்போது சேர்ந்தது? "1947-லே" என்பாய். வரைபடம் அப்படித்தான் சொல்லும். 2024-லே சென்னை உயர்நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்ட வரலாறோ வேறு கதை சொல்கிறது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களின் ஆளுகையிலே கிடந்தது அந்த மலை. இனாம் ஒழிப்புச் சட்டம் 1963-லேயே வந்தும், வழக்குகளைத் தாண்டி அரசின் கைக்கு மலை வந்தது 1976-லே. மலைமக்கள் வாக்குச்சீட்டைத் தொட்டதோ 1996-லேதான் என்று அங்கே சொல்லப்பட்டது.

எண்ணிப் பார் தோழனே! நிசாமின் கோட்டைக்கு ஐந்தே நாளில் போய்ச் சேர்ந்த அரசு, இந்த மலைமேல் ஏற 29 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது! அங்கே பீரங்கி இல்லை, ரஜாக்கர் இல்லை, எதிர்த்து நிற்கப் படையும் இல்லை. இருந்தவர்கள் தினையும் சாமையும் விளைத்த எளிய மலையாளிப் பழங்குடியினர். அவர்களை ஒன்றுசேர்க்கத் தேவைப்பட்டது ஒரு சாலை, ஒரு பள்ளி, ஒரு பட்டா, ஒரு வாக்குச்சீட்டு. இவற்றை எந்தத் தளபதியும் குதிரைமேல் கொண்டுவந்து கொடுக்க முடியாது. 2019-லே கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, வெள்ளிமலையிலே வட்டாட்சியர் அலுவலகமும் வந்தது. எனினும் 2024 ஜூனிலே கள்ளச்சாராயம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான், மலைமக்களின் வாழ்வை நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. டில்லியில் அமர்ந்தோருக்கு மட்டுமல்ல, சென்னையில் அமர்ந்தோர் எக்கட்சியினராயினும் அவர்களுக்கும் இந்த மலை ஒரு கேள்விக்குறி. டில்லியிடம் உரிமை கேட்கும் நாவுக்கு, வெள்ளிமலைக்கு உரிமை கொடுக்கும் கையும் வேண்டும். அந்தக் கை நீளாவிட்டால் நம் முழக்கமும் வெறும் முரசொலியாகவே போகும்.

ஆகவே தோழனின் கேள்விக்கு என் விடை இது. போர் கதவை உடைக்கும். இராஜதந்திரம் சாவியைத் திருப்பும். வீட்டுக்குள்ளே விளக்கேற்றுவது இரண்டுமல்ல. வேலி அடிப்பதாலே வயல் விளைந்துவிடுவதில்லை. உழவேண்டும், விதைக்க வேண்டும், நீர் பாய்ச்ச வேண்டும். ஒற்றுமை என்ற வயலுக்கு உழவு சமத்துவம், விதை தாய்மொழி, நீர் உரிமை.

பிஸ்மார்க்கின் பேரரசிலே 25 உறுப்பரசுகள் இருந்தன. மேலவையின் 58 வாக்குகளில் 17 பிரஷ்யாவுக்கு. அரசியல் சட்டத் திருத்தத்தைத் தடுக்க 14 வாக்குகள் போதும். அதாவது பிரஷ்யா ஒன்று தலையசைக்காவிட்டால் மற்ற அனைவரும் சேர்ந்தும் ஒரு வரியை மாற்ற முடியாது! இன்று தலைகளை மட்டும் எண்ணி நாடாளுமன்றத் தொகுதிகளைப் பங்கிட வேண்டும் என்று பேசுகிறார்கள். குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்று நடந்த தெற்கு இளைக்க, நடவாத வடக்கு பெருக்கும் கணக்கு அது. அவர்கள் பிஸ்மார்க்கிடம் கற்க விரும்புவது அவன் பவேரியாவுக்குக் கொடுத்ததை அல்ல, பிரஷ்யாவுக்கு எடுத்துக்கொண்டதை!

அதனால்தான், தோழனே, இந்தப் பாடத்தை நாம் மறுத்துரைக்க வேண்டும். ஒற்றுமைக்கு எதிராக அல்ல; ஒற்றுமைக்காகவே மறுக்க வேண்டும். தேநீர்க் கடையிலே, நெல் மண்டியிலே, மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் களத்திலே, எவனாவது "இரும்புக்கை வேண்டும்" என்று தொடங்கினால், சினம் கொள்ளாதே, இழிசொல் வீசாதே. 1871-ஐச் சொல், 1919-ஐச் சொல். கீழூரின் 170 வாக்குகளைச் சொல். பிறகு கேள்: "ஐயா, அடியா ஆந்திரத்தைக் காத்தது? அடியா குமரியைக் காத்தது? டாக்காவை அடி காத்ததா?" என்று கேள்.

அடித்துச் சேர்த்தது அடி ஓய்ந்த அன்றே அசையத் தொடங்கும். கேட்டுச் சேர்ந்தது கேளாமலே நிற்கும். வாள் வரைந்த கோட்டை இன்னொரு வாள் அழித்துவிடும். மக்கள் வரைந்த கோட்டை மக்களே காப்பார்கள்.

காப்போம் தோழனே! உரிமையால் காப்போம்!